ஏறுகிறவனுக்கு வழி

ஆறு பந்தயங்கள். அவற்றில் ஐந்தில், முடித்தவர்கள் பட்டியலில் என் பெயர் கிடையாது. இதை நானே முதலில் சொல்லிவிடுகிறேன். பூம்பாறையிலும் கொடைக்கானலிலும் இதைச் சொல்வதற்கென்றே நிறையப் பேர் இருக்கிறார்கள். டீக்கடையில் சொல்கிறார்கள், பஸ்ஸில் சொல்கிறார்கள், கல்யாணப் பந்தியில் எனக்கு எதிர் இலையில் உட்கார்ந்துகொண்டு சாம்பாருக்கும் ரசத்துக்கும் நடுவில் சொல்கிறார்கள். "சார் அந்தக் காலத்துல சுவிட்சர்லாந்து போயி சைக்கிள் ரேஸ்ல தோத்துட்டு வந்தவரு." முப்பத்தைந்து வருடங்களுக்கு மேலாகக் கேட்டுவிட்டேன். இரத்த அழுத்த மாத்திரை ஒன்றிலிருந்து இரண்டாகிவிட்டது. நான் கணக்கு வாத்தியார். தப்பான விடையை அப்படியே விட்டுவிட்டுப் போக என்னால் முடியாது. அதனால்தான் எழுதுகிறேன்.

எண்பதுகளின் நடுவில் நான் கொடைக்கானலில் ஒரு விடுதிப் பள்ளியில் கீழ் வகுப்புகளுக்குக் கணக்கு எடுத்துக்கொண்டிருந்தேன். வீடு பூம்பாறையில். சனிக்கிழமை மத்தியானம் சைக்கிளில் கிளம்பி வீட்டுக்குப் போவேன். திங்கட்கிழமை வெள்ளனே கிளம்பி முதல் மணிக்குள் பள்ளிக்கு வந்துவிடுவேன். சாதாரணக் கறுப்பு சைக்கிள்தான். அந்தச் சாலையில் என் கணக்குப்படி தொண்ணூற்று நான்கு வளைவுகள். பஸ் டிரைவர்கள் எண்பத்தெட்டு என்பார்கள். சின்ன வளைவுகளை அவர்கள் சேர்ப்பதில்லை. சைக்கிளில் போகிறவனுக்குச் சின்ன வளைவு என்று ஒன்று கிடையாது. மிகச் செங்குத்தான இறக்கங்களில் வாட்டில் மரக் கொப்பு ஒன்றை வெட்டிப் பின்னால் கயிற்றில் கட்டி, தரையில் உரசவிட்டு இறங்குவோம். பிரேக் கட்டை தேயாது. பின்னால் வருகிறவன் வாயில் புழுதி போகும், அது அவன் பாடு.

ஞாயிற்றுக்கிழமை ஓய்வு என்று நினைக்க வேண்டாம். எங்கள் பூண்டுக் காடு ஊருக்குக் கீழே, மலையைப் படிப்படியாக வெட்டிய தட்டுகளில் இருந்தது. அறுவடைக் காலத்தில் மூட்டையைத் தலையில் வைத்து ரோட்டுக்கு ஏற்ற வேண்டும். நானூற்றுப் பன்னிரண்டு அடி வைத்தால் ரோடு வரும். மழை பெய்திருந்தால் நானூற்று ஐம்பது. வழுக்கி வழுக்கி வைக்கும் அடிகளையும் எண்ண வேண்டும் அல்லவா?

அந்தப் பாதையில் ஒரு சட்டம் இருந்தது. எங்கும் எழுதிவைக்கவில்லை, எல்லோருக்கும் தெரியும். ஏறுகிறவன் வந்தால் இறங்குகிறவன் நின்றுவிட வேண்டும். நிற்பது மட்டும் போதாது. பள்ளத்துப் பக்கம் ஒதுங்கி, மலைப் பக்கத்தை அவனுக்கு விட வேண்டும். மூட்டையோடு ஏறுகிறவன் நின்றால் மறுபடியும் கால் எழாது. இறக்கி வைத்தால் திரும்பத் தூக்கிவிட இன்னோர் ஆள் வேண்டும். பெரிய பண்ணைக்காரர் இறங்கினாலும் கூலிக்காரர் ஏறினால் பண்ணைக்காரர்தான் ஒதுங்குவார். நடப்பவருக்கும் இதே சட்டம், மட்டக்குதிரைக்கும் இதே சட்டம், சைக்கிளுக்கும் இதே சட்டம்.

எனக்கு ஒன்பது வயதாக இருந்தபோது ஒருவன் நிற்கவில்லை. ஏதோ அவசரமாம், ஓடி இறங்கினான். மூட்டையோடு ஏறிக்கொண்டிருந்த என் அப்பா அவனுக்கு விலகப் பார்த்து, நான்கு தட்டுகள் கீழே போய் விழுந்தார். உயிர் போகவில்லை. வலது கால் விளங்காமல் போய், கம்பூன்றி நடக்கும்படி ஆயிற்று. அதற்குப் பிறகு அவர் மூட்டை தூக்கியதில்லை. பன்னிரண்டு வயதிலிருந்து அந்த மூட்டையை நான் தூக்கினேன். இந்தச் சட்டத்தைப் பற்றி யாராவது என்னிடம் சிரித்துப் பேசினால் எனக்கு ஏன் பொறுக்காது என்பதற்காக இதைச் சொல்கிறேன்.

எங்கள் பள்ளிக்கு ஒரு சுவிஸ்காரர் விஞ்ஞானம் கற்பிக்க வந்தார். என்னைவிட மூன்று வயது மூத்தவர். தமிழை ஏரிக்கரையில் குதிரை விடுகிறவர்களிடம் கற்றுக்கொண்டார். அதனால் அவருக்குத் தமிழில் மரியாதை என்று ஒன்று இருப்பதே வெகு நாள் வரை தெரியாது. முதல்வரைப் பார்த்து ஒருமுறை "ஏலே, இங்க வா" என்றார். அவர் தன்னோடு ஒரு சைக்கிள் கொண்டுவந்திருந்தார். தடித்த டயர், நேரான கைப்பிடி, பதினைந்து கியர். எங்கள் ஊர்க்காரர்கள் அதற்கு டிராக்டர் சைக்கிள் என்று பெயர் வைத்தார்கள். அந்த மாதிரி வண்டியில் மலைப் பாதைகளில் பந்தயம் விடுவது அவர்கள் நாட்டில் அப்போதுதான் ஆரம்பித்திருந்தது.

ஒரு சனிக்கிழமை மன்னவனூரிலிருந்து பூம்பாறை வரை என்னோடு போட்டிக்கு வந்தார். அவர் டிராக்டர் சைக்கிளில், நான் கறுப்பு சைக்கிளில். இறக்கத்தில் அவர் முந்தினார். ஏற்றத்தில் நான் இறங்கி வண்டியைத் தோளில் போட்டுக் குறுக்குப் பாதையில் ஏறிவிட்டேன். பூம்பாறை பஸ் நிறுத்தத்தில் நான் இரண்டாவது டீயைக் குடித்துக்கொண்டிருந்தபோது வந்து சேர்ந்தார்.

"இது கள்ளாட்டம் வாத்தியாரே," என்றார்.

"சைக்கிள் என்கூட வந்துச்சா இல்லையா?"

"வந்துச்சு."

"அப்புறம் என்ன சார்?"

அதற்குப் பிறகு இரண்டு வருடங்கள் சனிக்கிழமைகளில் அவருடைய வண்டியை என்னிடம் தந்துவிடுவார். ஒப்பந்தம் முடிந்து ஊருக்குப் போகும்போது அதைக் கையோடு கொண்டுபோய்விட்டார். எண்பத்தெட்டில் கடிதம் எழுதினார். அவர் ஊரில் ஒரு சைக்கிள் கிளப் இருக்கிறது, ஒரு பருவம் முழுவதும் ஆறு பந்தயங்கள், கிளப் வண்டி தரும், போகவர டிக்கெட்டும் போடும், வா. எனக்கு அப்போது இருபத்தாறு வயது. பள்ளியில் நான்கு மாதம் சம்பளமில்லா விடுப்பு எழுதிக் கொடுத்தேன்.

அக்கா வீட்டுக்காரர், என் மச்சான், பூண்டு மண்டியில் பதினைந்து பேர் இருக்கும்போது கேட்டார். "ஏன் மாப்ளே, அங்க சைக்கிள் விட ஆளே இல்லையாமா? இங்கருந்து பூண்டு மூட்டை தூக்குறவனைக் கூப்பிடுறாங்க?"

"ஒரு ரேஸாச்சும் முடிச்சுக் காட்டுறேன் மச்சான்."

"முடிக்கலேன்னா?"

"வந்து மண்டியில மூட்டை தூக்குறேன்."

"அது இப்பவும் தூக்கத்தானே செய்யிறே!"

பதினைந்து பேரும் சிரித்தார்கள். ஒன்று முடிக்க வேண்டும், ஆறில் ஒன்று. அதுதான் நான் எடுத்துக்கொண்டு போன கணக்கு.

அந்தப் பந்தயங்களின் விதி எளிது. ஒரே பாதையை ஐந்து சுற்று சுற்ற வேண்டும். முதலில் போகிறவன் ஒரு சுற்று கூடுதலாகச் சுற்றிவந்து உன்னைப் பின்னாலிருந்து பிடித்துவிட்டால், கொடி காட்டி உன்னை வெளியே அனுப்பிவிடுவார்கள். பட்டியலில் பெயர் வராது. முதல் பந்தயத்தில் மூன்றாவது சுற்றில் பிடிபட்டேன். இரண்டாவதில் நான்காவது சுற்றில். முன்னேற்றம்தான். வேகத்தைவிடச் சாப்பாடுதான் என்னைப் படுத்தியது. அங்கே இருந்த நூற்றுப் பன்னிரண்டு நாளில் தொண்ணூற்றேழு நாள் உருளைக்கிழங்கு. உருளைக்கிழங்கே விளைவிக்கிற மன்னவனூர்க்காரன்கூட இத்தனை தின்றிருக்க மாட்டான்.

மூன்றாவது பந்தயம் ஒரு செங்குத்தான புல்வெளி மலையில். பாதையைச் சரியாக யோசிக்காமல் வகுத்திருந்தார்கள். ஓர் இடத்தில் இருநூறு அடி நீளத்துக்கு ஏறுகிறவர்களுக்கும் இறங்குகிறவர்களுக்கும் ஒரே ஒற்றையடிப் பாதை. இரண்டு பேர் உரசிக்கொண்டு போகலாம் என்று நினைத்துவிட்டார்கள். நான்காவது சுற்று. நான் நன்றாகப் போய்க்கொண்டிருந்தேன், பிடிபட மாட்டேன் என்று கணக்குச் சொல்லியது. அந்தப் பாதையில் இறங்கத் தொடங்கும்போது கீழே ஒருவன் தலையைக் குனிந்துகொண்டு, நாக்கு வெளியே தள்ள, ஏறி வருவதைப் பார்த்தேன்.

நான் நின்றேன். பள்ளத்துப் பக்கம் ஒதுங்கி, காலை ஊன்றி, மலைப் பக்கத்தை அவனுக்கு விட்டேன். யோசித்துச் செய்யவில்லை. தும்மல் வந்தால் யோசித்தா தும்முகிறோம்? அவன் போனான். அவன் பின்னால் இன்னொருவன். அவனும் போனான். ஆக மொத்தம் பதினோரு பேர். பதினோராவது ஆளை விட்டுவிட்டுக் கிளம்பியபோது பின்னாலிருந்து முதல் ஆள் வந்து என்னைப் பிடித்துவிட்டான். கொடி.

சுவிஸ் சார் வேலியைத் தாண்டி ஓடிவந்தார்.

"ஏலே, நீ என்ன பஸ்ஸா? எதுக்கு நின்னே?"

"ஏறி வந்தாங்கல்ல சார்."

"இது ரேஸு வாத்தியாரே! அவன் ஏறட்டும், விழட்டும், சாகட்டும். உன் சோலி என்ன?"

"நம்ம பாதையில நீங்களும் நின்னிருக்கீங்க. எத்தனை தடவைன்னு சொல்லவா?"

அவர் கேட்காமலே சொன்னேன். இருபத்தேழு தடவை. நான் பின்னால் நின்று எண்ணியிருந்தேன்.

ஒரே வாரத்தில் கதை ஊர் முழுக்கப் பரவியது. ரொட்டிக் கடைக்குப் போனால் ஒருவன் தொப்பியைக் கழற்றிக்கொண்டு சுவரோடு ஒட்டி நின்று எனக்கு வழிவிடுவான். தபால்காரர் சைக்கிளை நிறுத்திவிட்டுக் குனிவார். அது சமதரை. சமதரையில் எதற்கு ஒதுங்க வேண்டும்? நையாண்டி செய்வதற்குக்கூடச் சட்டம் சரியாகத் தெரிந்திருக்க வேண்டும்.

கிளப்பின் செயலாளர் பால் பண்ணை வைத்திருந்தவர். கெட்டவர் இல்லை. பண்ணை அலுவலகத்துக்கு என்னைக் கூப்பிட்டார். சுவிஸ் சார் நடுவில் உட்கார்ந்து மொழிபெயர்த்தார்.

"இனிமேல் பந்தயத்துல யாருக்காகவும் நிக்க மாட்டேன்னு நீ சொல்லணுமாம். சொன்னா அடுத்த ரேஸுக்கு வண்டி."

"சொல்ல முடியாதுன்னு சொல்லுங்க சார்."

"வாத்தியாரே, சும்மா வாயால சொல்லிரு. அப்புறம் பாத்துக்கலாம்."

"வாயால சொன்னா செய்யணும். மத்த பயலுக இறங்கும்போது ஏறுறவனைத் தள்ளிவிட்டுப் போகட்டும். நான் நிப்பேன். நின்னும் முடிப்பேன்னு சொல்லுங்க."

அவர் அதை எப்படி மொழிபெயர்த்தார் என்று தெரியாது.  செயலாளர் கிளப் வண்டியின் பூட்டுச் சாவியைக் கேட்டு வாங்கி மேசை இழுப்பறைக்குள் போட்டார். அந்தச் சத்தம் இன்னும் காதில் கிடக்கிறது.

நான்காவது பந்தயத்தையும் ஐந்தாவதையும் வேலிக்கு வெளியே நின்று பார்த்தேன். பார்த்தேன் என்பதைவிட எண்ணினேன் என்பது சரி. இரண்டு பந்தயங்களிலும் சேர்த்து நூற்றுப் பதினெட்டுப் பேர் கிளம்பினார்கள், எழுபத்தொரு பேர் முடித்தார்கள். இறக்கங்களில் முப்பத்து நான்கு முறை யாராவது யாரையாவது இடித்துத் தள்ளினார்கள். ஊரிலிருந்து மச்சான் கடிதம் போட்டிருந்தார். பூண்டு விளைச்சல் பரவாயில்லை, உன் அப்பா நன்றாக இருக்கிறார், மண்டியில் உனக்கு ஒரு இடம் காலியாக வைத்திருக்கிறேன் என்று. சிரிப்பதற்காக எழுதியதுதான். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஊருக்குத் திரும்பப் பதினாறு நாள்தான் இருந்தது. பந்தயம் ஒன்றுதான் மிச்சம்.

அந்தக் கடைசிப் பந்தயத்தை வேறொரு கிராமம் நடத்தியது. கிளப் அனுப்ப வேண்டும் என்பதில்லை, வண்டி இருந்தால் யாரும் பெயர் கொடுக்கலாம். சுவிஸ் சார் தன் பழைய வண்டியைக் கொட்டிலிலிருந்து எடுத்து வந்தார். கொடைக்கானலில் ஓடிய அதே டிராக்டர் சைக்கிள். அதன் குழாய்களில் எங்கள் ஊர்ச் செம்மண் கொஞ்சம் இன்னும் ஒட்டிக்கொண்டிருந்தது.

"கிளப்காரங்க என்னையும் திட்டப்போறாங்க," என்றார்.

"அப்ப எதுக்குக் குடுக்கறீங்க?"

"நீ இருபத்தேழுன்னு சொன்னேல்ல. எனக்கு அது இருபத்தெட்டுன்னு ஞாபகம்."

அது இருபத்தேழுதான். ஆனால் அன்றைக்கு நான் வாதாடவில்லை.

கிளப் சட்டை கிடையாது. அக்கா பின்னிக் கொடுத்த நீலக் கம்பளிச் சட்டையைப் போட்டுக்கொண்டேன். கழுத்தில் துண்டு. அறுபத்தொரு பேர் வரிசையில் நின்றோம். கிளம்புவதற்கு முன்னால் மழை பிடித்துக்கொண்டது. எங்கள் ஐப்பசி மழை மாதிரி, விடுவேனா என்று பெய்தது.

முதல் சுற்றிலேயே பெரிய ஏற்றம் சேறாகிவிட்டது. இரண்டாவது சுற்றில் யாராலும் மிதிக்க முடியவில்லை. எல்லோரும் இறங்கி வண்டியைத் தள்ளினார்கள். டயரில் சேறு அப்பி, சக்கரம் சுற்றாமல் நின்றுவிட்டது. தள்ளுகிறார்கள், வழுக்குகிறார்கள், விழுகிறார்கள். சிலர் தோளில் போட்டுக்கொண்டார்கள். ஒரு தோளில் சுமை இருந்தால் சேற்றில் உடம்பு ஒரு பக்கமாக இழுக்கும். இது பூம்பாறையில் சின்னப் பிள்ளைக்குக்கூடத் தெரியும்.

நான் ஓரமாக நின்றேன். துண்டை முறுக்கிச் சுருட்டிச் சும்மாடாகத் தலையில் வைத்தேன். வண்டியைத் தூக்கி அதன் மேற்குழாய் சும்மாட்டில் பதியும்படி வைத்து, இரண்டு கையாலும் இரண்டு சக்கரத்தையும் பிடித்துக்கொண்டு ஏறினேன். பூண்டு மூட்டையில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. குதிகாலை ஊன்றாமல் முன்பாதத்தைச் சேற்றில் குத்திக் குத்தி, இருநூற்று அறுபது அடி. வேலியில் நின்ற கூட்டம் சிரித்தது. ஒருவர் போட்டோ எடுத்தார். சிரிக்கட்டும். அந்த ஏற்றத்தில் ஒவ்வொரு சுற்றிலும் ஏழு, எட்டுப் பேரைத் தாண்டினேன். மூன்றாவது சுற்றில் சிரிப்பு நின்று கைதட்டல் வந்தது. நான்காவதில் எனக்குப் பின்னால் ஓர் இளைஞன் தன் சட்டையைக் கழற்றித் தலையில் வைத்துப் பார்த்தான். சும்மாடு கட்டத் தெரியவில்லை, வண்டி நழுவி விழுந்தது.

கணக்கு இதுதான். முதல் ஆள் ஐந்தாவது சுற்றை முடித்து வருவதற்குள் நான் நான்காவது சுற்றை முடித்துக் கோட்டைத் தாண்டிவிட வேண்டும். தாண்டிவிட்டால் கடைசிச் சுற்றை நடந்துகூட முடிக்கலாம். தாண்டாவிட்டால் கொடி. நான்காவது சுற்றின் ஏற்றம் முடிந்து இறங்கும்போது, முதல் ஆள் எவ்வளவு தூரத்தில் இருக்கிறான் என்று கீழே ஒலிபெருக்கியில் கத்திக்கொண்டிருந்தார்கள். மொழி புரியாவிட்டாலும் குரலில் அவசரம் புரிந்தது.

கடைசி இறக்கத்தில், ஒரு கல் சுவருக்கும் சரிவுக்கும் நடுவில் குறுகலான பாதை. மழையில் யாரும் காவலுக்கு நிற்கவில்லை. எதிரே ஒரு முதியவர், பந்தயத்தில் இல்லாதவர், முதுகில் பெரிய பால் கேனைக் கட்டிக்கொண்டு, கம்பை ஊன்றி ஏறி வந்துகொண்டிருந்தார். அந்தப் பாதையில் அவர் தினமும் ஏறுகிறவராக இருக்க வேண்டும். பந்தயம் என்று சொன்னால் மாடு பால் கறக்காமல் இருக்குமா?

இந்த முறை யோசித்தேன். இதை ஒளிக்க விரும்பவில்லை. சுவர்ப் பக்கமாக வளைத்து வெரசாகப் போய்விடலாம் என்று தோன்றியது. மண்டியில் பதினைந்து பேர் சிரித்த சிரிப்பு காதில் கேட்டது. போனால், அவர் விலக வேண்டியிருக்கும். அவர் விலகினால் அந்தப் பக்கம் சரிவு.

இரண்டு பிரேக்கையும் பிடித்தேன். சரிவுப் பக்கம் ஒதுங்கிக் காலை ஊன்றி நின்றேன். பின்னால் வந்த இரண்டு பேர் என்னையும் அவரையும் உரசிக்கொண்டு, கத்திக்கொண்டே கடந்தார்கள். முதியவர் சுவரைப் பிடித்துக்கொண்டார். பிறகு அடி அடியாக ஏறி என்னைத் தாண்டினார். என்னைப் பார்க்கக்கூட இல்லை. பார்க்க வேண்டியதும் இல்லை. சுமை தூக்குகிறவர் வழி கேட்பதும் கிடையாது, நன்றி சொல்வதும் கிடையாது. அவர் தாண்டும் வரை இருபத்திரண்டு எண்ணினேன்.

பிறகு இறங்கினேன். அப்படி ஓர் இறக்கத்தை அதற்கு முன்னும் இறங்கியதில்லை, பின்னும் இல்லை. கோட்டைத் தாண்டினேன். தாண்டியதும் எண்ணத் தொடங்கினேன். ஒன்பது எண்ணியபோது பின்னால் கூட்டம் ஆர்ப்பரித்தது. முதல் ஆள் பந்தயத்தை முடித்துவிட்டான். நான் ஒன்பது எண்ணிக்கை முன்னால் இருந்தேன்.

கடைசிச் சுற்றை மெதுவாகத்தான் முடித்தேன். மூச்சு இல்லை. ஏற்றத்தில் வண்டி மறுபடியும் தலையில். பட்டியலை ஒரு மாட்டுக் கொட்டில் சுவரில் ஒட்டினார்கள். அறுபத்தொரு பேர் கிளம்பியதில் இருபத்து மூன்று பேர் முடித்திருந்தார்கள். இருபத்து மூன்றாவது பெயர் என்னுடையது. எழுத்தில் இரண்டு தப்பு இருந்தது. பேனா வாங்கித் திருத்தினேன்.

செயலாளர் குடையோடு வந்தார். பட்டியலைப் பார்த்தார், என் நீலச் சட்டையைப் பார்த்தார், சுவிஸ் சாரிடம் ஏதோ கேட்டார்.

"மறுபடியும் நின்னியாமே? உன்னைத் தாண்டுன ரெண்டு பேரும் சொன்னாங்களாம். நிக்காம வந்திருந்தா இருபத்தொண்ணுங்கிறார்."

"தெரியும்னு சொல்லுங்க."

ஊருக்குத் திரும்பி, பஸ்ஸைவிட்டு இறங்கியதும் பூண்டுக் காட்டுக்குப் போகும் பாதையில்தான் முதலில் இறங்கினேன். அப்பா கீழே இருந்தார். பாதி வழியில் மச்சான் மூட்டையோடு ஏறி வந்தார். ஒதுங்கி நின்றேன். மூச்சு வாங்கிக்கொண்டே கேட்டார்.

"முடிச்சியா மாப்ளே?"

"முடிச்சேன் மச்சான். இருபத்திமூணு."

"எத்தனை பேரு முடிச்சாங்க?"

நான் பொய் சொல்கிறவன் இல்லை. "இருபத்திமூணு."

அவருக்கு மூட்டை குலுங்கும்படி சிரிப்பு வந்தது. "அப்ப கடைசின்னு சொல்லு!" என்று சொல்லிக்கொண்டே ஏறினார். ரோட்டை அடைவதற்குள் ஊருக்கே தெரிந்துவிட்டது. இன்றுவரை எல்லோரும் சொல்லும் கதை அங்கே கிளம்பியதுதான். அறுபத்தொன்றிலிருந்து இருபத்து மூன்றைக் கழித்தால் முப்பத்தெட்டு. அந்த முப்பத்தெட்டுப் பேரை இந்த ஊரில் ஒருவர்கூடக் கணக்கில் சேர்த்ததில்லை.

அப்பா கேட்டது வேறு. காலை நீட்டி வரப்பில் உட்கார்ந்திருந்தார். பால் கேன்காரரைப் பற்றி நான் சொன்னதும், "எந்தப் பக்கம் ஒதுங்குனே?" என்றார்.

"பள்ளத்துப் பக்கம்பா."

"ம்," என்றார். பூண்டுத் தாளைக் கிள்ளிக்கொண்டிருந்த கை நிற்கவில்லை.

மச்சான் இப்போது இல்லை. கிளப் இருக்கிறதா என்று தெரியாது. எனக்கு முழங்கால் இரண்டும் தகராறு, இருந்தாலும் வாரம் ஒருமுறை கொடைக்கானலிலிருந்து சைக்கிளில் பூம்பாறை போய் வருகிறேன். வளைவுகள் இப்போது தொண்ணூற்றொன்று. ரோட்டை அகலப்படுத்துகிறோம் என்று மூன்றைத் தின்றுவிட்டார்கள். மேலேயிருந்து இறங்கும் சுற்றுலா வண்டிகள் எதற்கும் நிற்பதில்லை.

போன சனிக்கிழமை ஒரு குறுகலான வளைவில் நான் ஏறும்போது ஒரு வேன் இறங்கி வந்து முகத்துக்கு நேரே நின்றது. ஹாரன் அடித்தான். பதினான்கு முறை. தலையை வெளியே நீட்டினான்.

"பெருசு, ஒதுங்குய்யா! இருபது பேரை வச்சுக்கிட்டு வர்றேன்."

"நீ இறங்குறே. நான் ஏறுறேன். நீதான் ஒதுங்கணும்."

"சைக்கிளுக்கு வேன் ஒதுங்கணுமா? எந்த ஊருச் சட்டம்யா இது?"

"இந்த ஊருச் சட்டம்," என்றேன். ஒரு காலை ரோட்டின் நடுவில் ஊன்றிக்கொண்டேன். உள்ளே இருந்தவர்கள் செல்போனில் படம் எடுத்தார்கள். எனக்கு அது பழக்கம். நிதானமாக எண்ண ஆரம்பித்தேன். நூற்று நாற்பது வரை எண்ணியபோது வேன் முனகிக்கொண்டு பின்னால் நகர்ந்து, மேலே அகலமான இடத்தில் பள்ளத்துப் பக்கம் ஒதுங்கியது.

நான் மிதித்து ஏறினேன். அவனைக் கடக்கும்போது பார்க்கவில்லை.